பெரிட்டோனியம் (வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் உறுப்புகளையும் போர்த்திய மெல்லிய சவ்வு): மறக்க முடியாத ஒரு சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

முதலாண்டு மாணவன்
இந்தச் சவ்வுக்குள் சிறுபை (இரைப்பைக்குப் பின்னால் உள்ள இடம்), பெரும்பை (மீதி இடம்) என்று மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறாத கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடற்கூறியல் கூடத்தில் பேராசிரியர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கல்லீரலுக்குக் கீழே, சிறுபைக்கு வாசலான வின்ஸ்லோ துளைக்குள் விட்டார். "முன்னால் என்ன, பின்னால் என்ன?" கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே போர்ட்டல் சிரையும் பித்தநாளமும் உருண்டன, பின்னால் கீழ்ப் பெருஞ்சிரை. விரல் நுனியோ இரைப்பைக்குப் பின்னால் எதிலும் முட்டாமல் நின்றது. இங்கே ஓர் அறையே இருக்கிறதே! பதில் சொல்ல மறந்துவிட்டேன். உறுப்பெல்லாம் ஒரு பைக்குள் கிடக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

குடல்வால் போனவள்
நான் மருத்துவம் படித்தவள் இல்லை. காலையில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, இங்கேதான் என்று தொட்டுக் காட்ட முடியவில்லை, வாயு என்று படுத்துவிட்டேன். ராத்திரி வலது அடிவயிற்றில் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. உறுப்பைப் போர்த்திய படலத்துக்கு வலியின் இடம் சொல்லத் தெரியாது, சுவரை ஒட்டிய படலத்துக்குத் தெரியும் என்று அப்புறம் விளக்கினார்கள். சரி. ஆனால் டாக்டர் மெல்ல அழுத்தியபோது பொறுத்துக்கொண்ட நான், சட்டென்று கையை எடுத்ததும் கத்தினேனே, அது ஏன்?

பலூன்
"பைக்குள் கிடக்கிறது" என்பது தப்பு தம்பி. கருவகத்தை (ஓவரி) விட்டால் பைக்குள் உறுப்பே இல்லை, கொஞ்சம் வழுவழுப்பான திரவம்தான். அரைகுறையாக ஊதிய பலூனில் முஷ்டியை அமுக்கிப் பாருங்கள்: பலூன் கையைப் போர்த்தும், கை வெளியேதான். முஷ்டி குடல் என்றால் மணிக்கட்டுதான் மெசென்டரி, அதாவது குடலைப் பின்சுவரோடு பிணைக்கும் மடிப்பு; ரத்தக்குழாய் எல்லாம் அது வழியாகத்தான் வரும். சுமார் 6 மீட்டர் சிறுகுடலைப் பின்சுவரில் பிடித்திருக்கும் அதன் அடி வெறும் 15 செ.மீ. சிறுநீரகம் பலூனில் முட்டாமல் பின்னாலேயே நின்றுவிட்டது. படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், கருவில் இரைப்பை எப்படித் திரும்புகிறது என்பதை முதலில் படியுங்கள், ஒரு துணியை மடித்து மடித்துப் பாருங்கள். என் அனுபவமா? வாய்மொழித் தேர்வில் நானும் இதே தப்பைச் சொன்னேன்.

அம்மாவுக்கு டயாலிசிஸ்
இந்தச் சவ்வுதான் அம்மாவுக்கு வடிகட்டி. தினம் நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, பிறகு ஒரு பையில் வடிப்போம். வடிந்து வரும் பைக்குப் பின்னால் அச்சடித்த தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். ஒருநாள் தெரியவில்லை. "எனக்கு வலியே இல்லையே" என்றார் அம்மா. பையோடு ஓடினோம். சவ்வில் தொற்று.

குடல்வால் போனவள்
பலூன்காரரே, நான் கேட்டது கையை எடுத்தால் ஏன் வலிக்கிறது என்று. பலூனைப் பற்றிக் கேட்கவில்லை.

முதலாண்டு மாணவன்
அமுங்கியிருந்த சுவர் சட்டென்று எகிறித் திரும்பும்போது வீங்கிய படலமும் சேர்ந்து இழுபடுகிறது அக்கா. பை விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.