பொருள்: கேஸ் கிரில் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
வியாழனுக்குள் கையேட்டை முடித்துத் தரவேண்டும். இரண்டு வகை கேஸ் கிரில். ஒன்றில் கம்பிக்குக் கீழே தீ திறந்து கிடக்கும். கொழுப்பு சொட்டினால் குப்பென்று எழும்பிக் கறியைக் கருக்கிவிடும். மற்றதில் பர்னருக்கு மேல் தட்டு. தீ தட்டைச் சுட, தட்டு கறியைச் சுடும். சொட்டுகிற கொழுப்பு சுர்ரென்று புகையாகிப் போகும். ஆங்கிலத்தில் இது ‘இன்ஃப்ராரெட் கிரில்’. தமிழில் ‘அகச்சிவப்பு வாட்டி’ சரியா?
— செ.

சரியில்லை. அகச்சிவப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். கரித்தணல் வீசுவதும் அதுதான். திறந்த கேஸ் கிரிலில் சூட்டுக்காற்று கறியைச் சுற்றி ஓடி ஈரத்தை இழுக்கும். தட்டு வைத்ததில் அந்த ஓட்டம் குறைவு. தீ மூடியிருப்பதுதான் அடையாளம். ‘மூடெரி அடுப்பு’. வினைத்தொகை, இலக்கணமும் இடிக்காது.
— கோ.

‘மூடு’ வந்தால் எரியும் அடுப்பா, ஐயா? அகச்சிவப்பே தப்பு. இன்ஃப்ரா என்றால் இலத்தீனில் ‘கீழே’. அகம் எங்கிருந்து வந்தது? எங்கள் இலங்கைப் பாடநூல்களில் செங்கீழ்க் கதிர்.
— ந.

வாட்டுவது வாழையிலையை. கறியைச் சுடுகிறோம். பொருநராற்றுப்படையில் ‘காழின் சுட்ட கோழூன்’. காழ் என்றால் இரும்புக் கம்பி, கோழூன் கொழுத்த இறைச்சி. மரத்தின் வயிரமும் காழ், கொட்டையும் காழ். கெட்டியானதெல்லாம் காழ்! ‘காழடுப்பு’ என்போமே.
— இரா.

வாங்குகிறவர் ‘காழ்ப்பு அடுப்பு’ என்று படிப்பார். போகட்டும், தெருமுனை ஷவர்மா கடையைப் பாருங்கள். பொடிப்பொடி ஓட்டை போட்ட பீங்கான் ஓட்டின் முகத்திலேயே கேஸ் எரிந்து, ஓடு செக்கச்செவேலென்று நிற்கிறது. அங்கே மூடியும் இல்லை, நாக்கு நீட்டும் தீயும் இல்லை. மாஸ்டரிடம் பெயர் கேட்டேன். ‘பர்னர்’ என்றார், நகராமல் வெட்டிக்கொண்டே. ‘மறைசுடர்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.
— க.

பொருந்தும். ஆனால் ‘கிரில்’ இருக்கட்டும், சுடுகம்பி கிடுகம்பி வேண்டாம்.
— ந.

மறைசுடருக்கு நால்வர், மூடெரிக்கு இருவர். ‘மறைசுடர் கிரில்’ என்று போட்டு, முதல் பக்கத்தில் ‘தீ வெளியே தெரியாத வகை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கோப்பு போய்விட்டது.
— செ.

மறை என்றால் வேதம். கருவறை விளக்கு என்று நினைத்துக் கற்பூரம் காட்டப் போகிறார்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.
— கோ.

காழ் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.
— இரா.