செப்பெல்ட்ஸ்ஃபீல்டின் நூறு வருட ஒயின்: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பதிவு 1
ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலுள்ள செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் ஒயின் தோட்டத்துக்குப் போகிறவர்கள் சுவைக்கூடத்துக்குள் நுழையும் முன் 1888இல் கட்டிய ஒயின் ஆலையைப் பாருங்கள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும். பழம் உச்சியில் வந்து சேரும். நசுக்கிய சாறும் தோலும் கீழேயுள்ள திறந்த தொட்டிகளில் புளிக்கும். ஒயின் அதற்கும் கீழே வடியும். பம்பு போட்டு முரட்டுத்தனமாகத் தள்ளினால் தோலும் விதையும் சிதைந்து கசப்பு இறங்கும். இங்கே அந்த வேலையைச் சரிவே பார்த்துக்கொள்கிறது. கட்டியவர் பென்னோ செப்பெல்ட். பிரஷ்யாவின் சைலீசியா பகுதியிலிருந்து வந்த அவர் அப்பா யோசப்புக்குப் புகையிலை பயிரிடத்தான் ஆசை. அது சரிப்படவில்லை, 1851இல் வாங்கிய நிலம் திராட்சைக்குப் போனது.

பதிவு 2
பென்னோவின் பெரிய காரியம் ஆலை இல்லை, பீப்பாய். 1878இல் 500 லிட்டர் போர்ட்டை (ஸ்பிரிட் சேர்த்த இனிப்பு ஒயின்) நூறு வருடத்துக்கு ஒதுக்கிவைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட விடாமல் ஒவ்வோர் அறுவடையிலும் ஒதுக்குகிறார்கள். 'பாரா' என்ற பெயரில் வருவது இதுதான். கிளாஸைச் சுழற்றினால் பாகு மாதிரிப் பக்கங்களில் ஒட்டும், விளிம்பில் பச்சை கலந்த பழுப்பு தெரியும். சில மில்லி போதும், அதற்கு மேல் நாக்கு தாங்காது.

பதிவு 3
நூறு வருடத்தில் ஆல்கஹால் பறந்துவிடாதா?

பதிவு 2
கிடங்கு ஈரமாக இருந்தால் குறையும். பரோசா வெயிலில் காய்ந்த கிடங்கில் மரத்தின் வழியே தண்ணீர்தான் வேகமாகப் போகும்; ஆல்கஹால், சர்க்கரை, புளிப்பு மூன்றும் ஏறும். புளித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிட் ஊற்றி ஈஸ்டை நிறுத்துவதால்தான் அந்தச் சர்க்கரை மிஞ்சுகிறது. ஆபத்து வேறு இடத்தில். ஒயின் சுண்டச் சுண்டப் பீப்பாயில் காற்று கூடும், காடி வாசனை தலைதூக்கும். அதனால் அளவு இறங்கியதும் சின்னப் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். பலகை இடுக்கில் கசிவு வந்தால் அவ்வளவுதான், ஒரு வருட அறுவடையே போய்விடும்.

பதிவு 4
வாங்கும்போது கவனம். 1980களில் குடும்பத்தின் கையை விட்டு நிறுவனம் போனது. 2007இல் செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் தனியாக விற்கப்பட்டபோது பழைய பீப்பாய்கள் இங்கேயே தங்கின, 'செப்பெல்ட்' என்ற பெயர் விற்ற பெரிய நிறுவனத்திடமே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த பாட்டிலில் வெறும் 'செப்பெல்ட்' என்று லேபிள் இருந்தால் அது இந்த நிறுவனத்தின் ஒயின் இல்லை. பிறந்த வருடத்து ஒயினைப் பீப்பாயிலிருந்தே ஊற்றித் தரும் சுற்று இருக்கிறது, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வழியில் வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்கள் 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பாமல் நடவைத்தவை.