ஒரே கைது, இரண்டு தொலைக்காட்சிகள்: செய்தியை எதற்காக நம்ப வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

எங்கள் வீட்டில் சென்ற மாதத்தோடு செய்தித் தொலைக்காட்சி பார்ப்பதை நிறுத்திவிட்டோம். கோபத்தில் எடுத்த முடிவன்று, சலிப்பில் எடுத்தது. இந்தச் சலிப்பு எங்கே தொடங்கியது என்று யோசித்தால் 2001 ஜூன் 30 நினைவுக்கு வருகிறது. மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்ற வழக்கில் கருணாநிதியை விடியுமுன் வீடு புகுந்து கைது செய்தார்கள். அன்று சன் தொலைக்காட்சியில் 'அய்யோ, கொல்றாங்களே' என்ற அலறல் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஜெயா தொலைக்காட்சியிலோ, அப்போது மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் காவலர்களோடு மல்லுக்கு நின்ற காட்சிகளே ஓடின. ரிமோட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த என் அப்பா, "இதுல எதுப்பா நம்ம ஊர்ல நடந்தது?" என்று கேட்டார். அதன்பின் பா.ம.க. சார்பில் மக்கள், தே.மு.தி.க. சார்பில் கேப்டன், 2007இல் கலைஞர், 2018இல் நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு திரை வந்துவிட்டது. அரசியல்வாதியைக் கேள்வி கேட்க வேண்டியவரே அவரிடம் சம்பளம் வாங்கினால், ஊடகத்தின் மீதும் அரசியலின் மீதும் ஒரே நேரத்தில் நம்பிக்கை போவதில் என்ன வியப்பு?

தெற்குமாடவீதி எழுதியது:

கட்சி ஏடு நமக்குப் புதிதன்று. விடுதலை, திராவிட நாடு, முரசொலி ஆகியவற்றை வாங்கியவர்கள் அவை யாருடைய குரல் என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். நீங்கள் சொல்லும் அந்த நாளிலும் இரண்டு திரைகளையும் பார்த்தவருக்கு, முதியவர் ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டதும் தெரிந்தது, அமைச்சர்கள் கைகலப்பில் இறங்கியதும் தெரிந்தது. ஒன்றை மட்டும் பார்த்தவர்தான் ஏமாந்தார். முகம் தெரிந்த சார்பைவிட, நடுநிலை வேடம் போட்ட சார்புதான் எனக்கு அச்சம் தருகிறது. 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது அன்றைய முதல்வர் அசோக் சவாணைப் புகழும் ஒரே கட்டுரை, போட்டி நாளிதழ்களில் வரி மாறாமல், செய்தியாகவே வெளியானது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை அம்பலப்படுத்தினார். காசுக்குச் செய்தி பற்றி ஆராய இந்தியப் பத்திரிகை மன்றம் அமைத்த இருவர் குழு 71 பக்க அறிக்கை தந்தது. அதை முழுமையாக வெளியிட 2010இல் அந்த மன்றமே தயங்கியது. அந்த நாளிதழ்கள் எதுவும் கட்சிக் கொடி கட்டிக்கொண்டு வந்தவை அல்ல.

வைகைக்கரை எழுதியது:

முதலாளியின் முகம் தெரிந்துவிட்டால் போதுமா? 2007 மே 9 அன்று மதுரையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று, முரசொலி மாறனின் மகன்கள் கையிலிருந்த தினகரன் நாளிதழ் நடத்திய கருத்துக்கணிப்பில் ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, அழகிரிக்கு 2 விழுக்காடு என்று வந்தது. அன்றே அலுவலகம் தாக்கி எரிக்கப்பட்டு, ஊழியர் மூவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு மாறன் குடும்பமும் கருணாநிதி குடும்பமும் ஒன்று சேர்ந்தபோது 'இதயம் இனித்தது, கண்கள் பனித்தன' என்றார் கருணாநிதி. அந்த மூவரின் வீடுகளில் எது இனித்தது? 2009இல் விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வழக்கை எந்தத் திரை விடாமல் பின்தொடர்ந்தது என்று சொல்லுங்கள்.

பழைய துணையாசிரியர் எழுதியது:

இருவருமே முதலாளியைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கள் வட்டாரத்துப் பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விளம்பரம் பிடித்தால் அதில் கமிஷன் உண்டு, அவ்வளவுதான். பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் ஒன்றியச் செயலாளர், பள்ளித் தாளாளர், நகைக்கடைக்காரர் என்று படியேற வேண்டியவரும் அவர்தான், மறுநாள் அதே ஆட்களைப் பற்றிச் செய்தி எழுத வேண்டியவரும் அவர்தான். ஒரு மாலை, பள்ளிப் பேருந்தின் தளத்தில் ஓட்டை இருப்பதாகப் படத்தோடு செய்தி வந்தது. அந்தப் பள்ளி ஆண்டுவிழா சிறப்பிதழுக்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தது. நிருபர் தொலைபேசியில் வேறெதையும் கேட்கவில்லை, "அண்ணே, பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றார். நானும் எடுத்தேன். மறுநாள் 'பிரபல தனியார் பள்ளி' என்று அச்சானது. பெயரைக்கூடச் சொல்ல முடியாத அளவுக்குப் பிரபலமானவர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள்! வாசகர் தரும் விலை தாள் செலவுக்கே பற்றாது. எஞ்சியதை அரசு விளம்பரமும் தனியார் விளம்பரமும்தான் கட்டுகின்றன. முதலாளி நாளைக்கே உத்தமராக மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

தெற்குமாடவீதி எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் செய்தியை நிறுத்திவிட்டதாகச் சொல்லும் நண்பர் அந்த இடத்தில் எதை வைத்துக்கொண்டார்? பெரும்பாலானோர் வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டார்கள். பெயர் பெற்ற தொலைக்காட்சிகளின் சின்னத்தையும் எழுத்துருவையும் அப்படியே ஒட்டிப் போலி நியூஸ் கார்டு செய்வது இன்று பத்து நிமிட வேலை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரில் தொழிலாளர்கள் அஞ்சி ஊருக்குக் கிளம்பினார்கள், பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது, நம் காவல்துறை இந்தியில் விளக்கம் கொடுத்தது. அந்த வதந்தியை உடைத்ததில், களத்துக்குப் போய் விசாரித்து எழுதிய செய்தியாளர்களுக்கும் பங்கு உண்டு. 1987இல் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. முற்றிலும் விலைபோன ஒன்றை அடக்க எந்த அரசும் இவ்வளவு மெனக்கெடாது.

வைகைக்கரை எழுதியது:

வாட்ஸ்அப் பற்றிய குத்தல் எனக்குத்தான் என்று புரிகிறது. ஆனாலும் இரவு விவாதங்களைப் பாருங்கள். சென்ற மாதம் 'அரசியல் விமர்சகர்' என்ற பட்டையோடு உட்கார்ந்திருந்தவர் இந்த மாதம் கட்சித் துண்டோடு வருகிறார், நெறியாளர் சிரித்தபடி வரவேற்கிறார். பொய்ச்செய்தியைக் கண்டுபிடிப்பதைவிட இந்த மெய்ச்செய்தியைச் சகித்துக்கொள்வது கடினம். என் அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நாளிதழைப் பிரித்ததும் மின்தடை அறிவிப்பையும் வைகை அணை நீர்மட்டத்தையும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். அதில்தான் கட்சி இல்லை என்பார்.

பழைய துணையாசிரியர் எழுதியது:

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். அந்த நீர்மட்டத்தைப் பொதுப்பணித் துறையிலிருந்து வரும் தாளைப் பார்த்துத்தான் தினமும் எழுதினோம். நான் இருந்த பதினோரு ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் அணைக்குப் போய் அளவைப் பார்த்ததில்லை.