லொறிக்கு ஜெனரேட்டர்: நிரந்தரமாகப் பொருத்திப் பூட்டினதா, தூக்கி வைக்கிறதா? உங்கள் அனுபவம்?

வெள்ளவத்தை லொறிக்காரன்:
பழைய டீசல் லொறியில் கட்டில், அடுப்பு வைத்துக் கூண்டு கட்டின கதையை முன்பே எழுதிவிட்டேன். அறுகம்பையில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. 2 கிலோவாட் இன்வர்ட்டர் ஜெனரேட்டர், 21 கிலோ. பின் பம்பரோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் படுத்தோம். விடிந்து இறங்கிப் பார்த்தால் சங்கிலி இருக்கிறது, பூட்டும் பூட்டினபடியே இருக்கிறது. சங்கிலிக்குள் ஜெனரேட்டரின் கைப்பிடி மட்டும் தொங்குகிறது. பிளாஸ்டிக்கை அறுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு போய்விட்டார்கள். கைப்பிடி இன்னும் வீட்டில் கிடக்கிறது, எறிய மனமில்லை. அடுத்தது லொறியோடு நிரந்தரமாகப் பொருத்திப் பூட்டுகிறதுதான் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை:
அவசரப்படாதீர்கள் அண்ணா. நான் பூட்டினது 2.5 கிலோவாட் பெற்றோல். லொறி டீசல் என்பதால் அதற்கென்று தனித் தாங்கி வேறு. நுவரெலியாவில் மாமியார் தேத்தண்ணீர் கேட்டார், 2200 வாட் கேத்தலைப் போட்டேன். கறுப்புப் புகை கக்கி, இரண்டு தரம் இருமி, நின்றே போனது. இருட்டில் வெதுவெதுப்பான கேத்தலோடு அவர் என்னைப் பார்த்த பார்வை! அவ்வளவு காசைக் கொட்டி வாங்கினது அந்தப் பார்வையைத்தான்.

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்:
தம்பி, அது பூட்டினதின் குற்றமில்லை. நுவரெலியா 1868 மீட்டர். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3 சதவீதத்துக்கு மேல் சக்தி குறையும், ஆக 2500 வாட் அங்கே 2000 வாட்தான். காற்று மெலிய, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர் அதே அளவு பெற்றோலையே விடுவதால், கறுப்புப் புகை வரத்தான் செய்யும். தூக்கி வைக்கிறதும் அங்கே அப்படித்தான். தண்ணீரைக் கேஸில் கொதிக்க வையுங்கள்.

கித்துல்கலையில் மழைக்குப் பயந்து எங்கள் ஜெனரேட்டரைக் கூண்டுக்கு அடியில் தள்ளிவிட்டோம். நடுச்சாமத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் கத்தியது. மகனைத் தட்டி எழுப்பினால் "தலை இடிக்குது அப்பா" என்கிறான். அதனால் சொல்கிறேன்: தூக்கி வைக்கிறதென்றால் கூண்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகிற மாதிரி வையுங்கள். பூட்டினதென்றால் சைலன்சர் குழாய் லொறியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீள வேண்டும், யன்னலுக்குக் கீழே வரவே கூடாது. மாதம் ஒரு தரம் பாதி லோட் கொடுத்து ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பெற்றோல் காபரேட்டரில் பிசினாகிவிடும். அப்புறம், மெல்லிய வயரை நீளமாக இழுக்காதீர்கள், சூடேறும்.

வெள்ளவத்தை லொறிக்காரன்:
அண்ணே, நான் கேட்டது திருட்டைப் பற்றி.

தெஹிவளை நாலாம் மாடி:
2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்துவிட்டீர்களா? மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேரம் மின்வெட்டு. பயணத்துக்கு வாங்கினது இப்போது உதவும் என்று கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் ஷெட்டுக்குப் போனேன். கானுக்கு இல்லையாம், வாகனத்துக்கு மட்டும்தானாம். வெறும் கானோடு திரும்பி வந்தால், எங்கள் ஒழுங்கையில் ஒருவருடைய லொறியில் பூட்டின டீசல் ஜெனரேட்டர் லொறித் தாங்கியிலிருந்தே குடித்துக்கொண்டு ஓடுகிறது. ஒழுங்கையிலேயே அவர் வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்றுகிறது. அவர் என் கானைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தும் நான் இன்னும் தூக்கி வைக்கிறதைத்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் அவருடையது பழுதானபோது முழு லொறியையும் கராஜில் விட வேண்டி வந்தது. என்னுடையதை ஆட்டோவில் போட்டு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குக் கொண்டு போய்விடுவேன்.