ரீஃபண்ட் மெயிலில் ஜிமெயில் பாஸ்வேர்டும் கார்டு விவரமும் கொடுத்தாச்சு, இப்போ என்ன செய்யணும்?

கேட்டவர்: தெற்குவாசல்

மாமனாருக்கு வருமான வரித் துறை பேர்ல ஒரு மெயில். "ரீஃபண்ட் அப்ரூவ் ஆகிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் வங்கி விவரத்தை உறுதி செய்யவும்"னு இருந்துச்சு. லோகோ, பான் எண் எல்லாம் சரியா இருந்ததால லிங்க்கைத் தட்டிட்டார். முதல் பக்கத்துல ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டிருக்கு, அடுத்ததுல டெபிட் கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி. எல்லாத்தையும் போட்டுட்டார். ஓடிபி வந்ததும் சந்தேகப்பட்டு நிறுத்திட்டார். பணம் எதுவும் போகலை, ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. இது போதுமா? இந்த மாதிரி மெயிலை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

பதில்: கவுன்டர் 4

போதாது. முதலில் கார்டைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடிபி கொடுக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் எண், தேதி, சிவிவி மூன்றும் இருந்தாலே பணம் எடுக்க முடியும், ஓடிபி கேட்காது. வங்கி ஆப்பில் அந்தக் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை உடனே அணையுங்கள். பிறகு கார்டை நிரந்தரமாக பிளாக் செய்து புதிய கார்டு கேளுங்கள். தற்காலிக லாக் மட்டும் போட்டால் பிரச்சினை தள்ளிப்போகுமே தவிர தீராது, அந்த எண் இனி அவர்கள் கையில் இருக்கும்.

வங்கியின் உதவி எண்ணைக் கார்டின் பின்புறம் பார்த்து எடுங்கள். கூகுளில் தேடாதீர்கள். தேடலில் மேலே வரும் "கஸ்டமர் கேர்" எண்களிலும் இதே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். வங்கிக்குத் தனியாகவும் புகார் கொடுத்து புகார் எண், நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அந்த நேரக் குறிப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

பதில்: மெயில்காரன்

கார்டு வேலை முடிஞ்சதும் ஜிமெயிலுக்கு வாங்க. பாஸ்வேர்டை மாத்தறதுக்குள்ள உள்ள நுழைஞ்சவன், நீங்க மாத்தின பிறகும் மெயில் படிக்கிற மாதிரி வழி செஞ்சுட்டுப் போயிருக்கலாம். போன் ஆப்ல பார்க்காதீங்க, கம்ப்யூட்டர்ல திறங்க. செட்டிங்ஸ்ல மூணு இடம்:

"ஃபார்வர்டிங்" பகுதியில தெரியாத முகவரிக்கு மெயில் போகுதான்னு பாருங்க. "அக்கவுண்ட்ஸ்" பகுதியில வேற யாருக்காவது உங்க மெயிலைப் படிக்க அனுமதி கொடுத்திருக்கான்னு பாருங்க. மூணாவது "ஃபில்டர்ஸ்". இதைத்தான் எல்லாரும் தவற விடுறாங்க. "வங்கியிலிருந்து வந்தால் அழித்துவிடு"ன்னு ஒரு ஃபில்டர் போட்டுட்டா, எச்சரிக்கை மெயில் எதுவும் உங்க கண்ணுல படவே படாது.

அதுக்கப்புறம் கூகுள் கணக்கோட செக்யூரிட்டி பக்கம். தெரியாத சாதனங்களை வெளியேத்துங்க. மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் அவரோடதுதானான்னு சரிபாருங்க. கணக்கோட இணைஞ்சிருக்கிற வெளி ஆப்களில் தெரியாததை நீக்குங்க, அந்த அனுமதி பாஸ்வேர்டு மாத்தினாலும் போகாம இருக்கலாம்.

கடைசியா பாஸ்கீ போட்டு விடுங்க, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலா போனோட கைரேகையோ ஸ்க்ரீன் லாக்கோ வெச்சு உள்ள போற முறை. அது கூகுளோட உண்மையான முகவரிக்கு மட்டும்தான் வேலை செய்யும், போலிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலா இருந்தாலும் அங்க திறக்காது. ஓடிபியை ஏமாத்தி வாங்கிடலாம், பாஸ்கீயை அப்படி வாங்க முடியாது.

பதில்: படிவம்16

மெயிலை அடையாளம் காண்பது பற்றி. பான் எண் சரியாக இருப்பது எதற்கும் சான்று இல்லை, அது எத்தனையோ இடங்களில் கொடுத்து வைத்த எண். தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படமும் அப்படித்தான், போலித் தளங்களுக்கும் அது கிடைக்கும்.

லிங்க்கின் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எது கடைசியாக வருகிறது என்று பாருங்கள். அங்கே "இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்" என்று முடிய வேண்டும். அதற்குப் பின்னால் புள்ளியோ ஹைஃபனோ வைத்து இன்னொரு பெயரும் டாட் காமும் ஒட்டியிருந்தால், முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அது அந்த இன்னொருவரின் தளம்.

துறை மெயிலில் பாஸ்வேர்டு, கார்டு எண், பின் நம்பர் எதையும் கேட்பதில்லை. ரீஃபண்டுக்குக் கார்டே தேவையில்லை. துறையின் இணையதளமான போர்ட்டலில் முன்பே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் வரும். 2023-லேயே "15,490 ரூபாய் ரீஃபண்ட்" என்று சுற்றிய செய்தி போலி என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவான பிஐபி ஃபேக்ட்செக் அறிவித்தது. தொகை மாறும், வசனம் மாறாது.

வருமான வரிக் கணக்கைச் சரிபார்த்த பின் துறை அனுப்பும் உண்மையான 143(1) அறிவிப்பு பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆக வரும். சிறிய எழுத்தில் பான், அதையடுத்து பிறந்த தேதியின் எட்டு இலக்கங்கள், இதுதான் அதைத் திறக்கும். நோட்டீஸ் என்று எது வந்தாலும் போர்ட்டலின் முகப்புப் பக்கத்தில் நோட்டீஸின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, லாகின் வேண்டாம். ரீஃபண்ட் நிலையை அறிய, மெயிலைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

போர்ட்டல் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அங்கே பதிவான வங்கிக் கணக்கை யாரும் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தெற்குவாசல்

கார்டு பிளாக் பண்ணியாச்சு. மெயில்காரன் சொன்ன இடத்துல ஒரு ஃபில்டர் இருந்துச்சு. "டிரான்ஸாக்ஷன்", "அலர்ட்", "பாஸ்வேர்டு"ங்கிற வார்த்தை வந்தா நேரா ட்ராஷுக்கு. அதை அழிச்சுட்டேன்.

பதில்: மெயில்காரன்

அப்போ உள்ள வந்திருக்காங்கன்னு உறுதி. ட்ராஷ்ல மெயில் 30 நாள் இருக்கும், காலி பண்ணிடாதீங்க. திறந்து பாஸ்வேர்டு ரீசெட் மெயில் எந்தெந்த நிறுவனத்துலருந்து வந்திருக்குன்னு பாருங்க. அந்தக் கணக்குகளைத்தான் குறி வெச்சிருக்காங்க, அதையெல்லாம் முதல்ல மாத்துங்க.

இன்னொண்ணு, குரோம்ல பாஸ்வேர்டு சேமிக்கிற பழக்கம் அவருக்கு இருக்கா? இருந்தா அந்தப் பட்டியல் அதே கூகுள் கணக்குல இருக்கலாம், முழுக்க வெளிய போயிடுச்சுன்னே எடுத்துக்கங்க. நெட்பேங்கிங்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மாத்தணும். கூகுள் டிரைவ்ல ஆதார், பாஸ்புக் ஸ்கேன் ஏதாவது இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க.