புதுப்பிப்பு: தாஜ் மஹால் கச்சேரிக்குப் போய் வந்தேன்

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரிலுள்ள யோஷிஸ் இசைக் கிளப்பில் தாஜ் மஹால் (கட்டடம் இல்லை, ப்ளூஸ் என்கிற கறுப்பின அமெரிக்கர்களின் இசையைப் பாடி கிடார் வாசிக்கும் கலைஞரின் மேடைப் பெயர்) வாசிக்கிறார், 80 வயதைத் தாண்டியவர், இப்போதும் கேட்கிற மாதிரி இருக்குமா என்று கேட்டிருந்தேன் அல்லவா, நேற்று போய் வந்தேன். தயங்காமல் போங்கள்.

செம கூட்டம், பக்கத்து ஆளை இடிக்காமல் கைதட்ட முடியவில்லை. சீக்கிரம் போனதால் மேடைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது, அவருடைய வலது கையை நன்றாகப் பார்க்க முடிந்தது. பெரும்பாலான கிடார் கலைஞர்கள் கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலைத்தான் அதிகம் நம்புவார்கள், இவரோ கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்தே மீட்டுகிறார், கீழ்ச்சுருதித் தந்திகளில் கட்டைவிரல் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, நடுவிரல் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறது. உலோக உடல் ரெசனேட்டர் கிடாரை (உள்ளே இருக்கும் உலோகக் கூம்பு ஒலியைப் பெருக்கும் கிடார்) எடுத்ததும் பேச்சுச் சத்தம் தானாக அடங்கிவிட்டது. குரல் கரகரப்புதான், ஆனால் ப்ளூஸுக்கு அதுதான் அழகு.

நம்ம ஊர்க்காரர்களோடு வாசித்தவரா என்று கேட்டவருக்கு: ஆமாம், அவரேதான். சித்திரவீணை வாசிக்கும் ரவிகிரண், மோகன வீணை (கிடாரை மாற்றியமைத்த வாத்தியம்) வாசிக்கும் விஸ்வ மோகன் பட் இருவரோடும் சேர்ந்து 1995-ல் ஒரு ஆல்பம் போட்டார். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் டிக்கெட் எடுங்கள்.