நாய், பூனை, குதிரைக்குக் கண் வைத்தியம்: மும்பையில் உங்கள் அனுபவம் என்ன?

செம்பூர்க்காரன்
எங்கள் வீட்டில் ஒரு பக் இருக்கிறது, பெயர் லட்டு. ஊரில் கேட்பவர்களுக்கு "வோடஃபோன் நாய்" என்றால்தான் புரியும். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். தண்ணீர் வடிந்தது, லேசான சிவப்பு. எனக்கே இரண்டு வாரம் முன்புதான் மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தது (மும்பையில் இருந்தாலும் நமக்கு அது மெட்ராஸ் ஐதான்). என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது போல என்று நானே முடிவு கட்டி, எனக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சம் இருந்ததை அவனுக்கும் விட்டேன். ஞாயிறு முழுக்க விட்டேன். சத்தமில்லாமல் படுத்திருந்தான். சரியாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை பார்த்தால் கருவிழி நடுவில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு வட்டம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, "விலங்குகளுக்கான கண் டாக்டரிடம் இன்றைக்கே போங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அங்கே அந்தக் கண் டாக்டர் அம்மா ஒரு ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணில் தொட்டு வைத்தார். விளக்கை அணைத்து நீல டார்ச் அடித்ததும் புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக மின்னியது. கொஞ்ச நேரத்தில் மூக்கு ஓரத்திலும் பச்சை ஒழுகியது. நான் பதறிப் போனேன். "கண்ணீர்க் குழாயில் அடைப்பு இல்லை என்று அர்த்தம், நல்லதுதான்" என்று சிரித்தார்.

அப்புறம், என்ன மருந்து விட்டீர்கள் என்று கேட்டார். பாட்டிலை நீட்டினேன். பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார்: ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன். அதாவது ஸ்டீராய்டு. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது, கருவிழியே கூழாகக் கரைய ஆரம்பிக்கும். அதுதான் அந்த ஜவ்வரிசி. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கண் பிதுங்கி இருப்பதால் இமை சரியாக மூடாது, சுலபமாகப் புண் வரும். கருவிழியில் உணர்ச்சியும் மற்ற நாய்களைவிடக் குறைவாம். அவன் சத்தமில்லாமல் கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

லட்டுவின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் சீரத்தைச் சின்ன பாட்டிலில் கொடுத்தார்கள். கருவிழியைக் கரைக்கிற நொதிகளை அது அடக்குமாம். ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். மணிக்கு ஒரு தடவை விட வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக், ஆனால் இரண்டுக்கும் நடுவில் 5 நிமிடம் இடைவெளி. நானும் மனைவியும் ஷிப்டு போட்டு விழித்தோம். மூன்றாம் நாள் கரைவது நின்றது. வெள்ளை விழி மேலே இருக்கும் சவ்வில் ஒரு துண்டை இழுத்துப் புண் மேல் தைத்தார்கள். இப்போது பார்வை இருக்கிறது, நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பும் இருக்கிறது. என்னைப் போல யாராவது முழித்திருக்கிறீர்களா?

மாட்டுங்கா மாமி
உங்களுக்கு ரெண்டு நாள், எனக்கு எட்டு மாசம் தம்பி. எங்க காக்கர் ஸ்பானியலுக்குத் தினமும் கண்ணில் பீளை. சாதாரணப் பீளை இல்லை, பிசின் மாதிரி இழுத்தால் நீளும். இன்ஃபெக்ஷன் என்று ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். விடும்போது குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். கடைசியில் கண் டாக்டர் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். கோடு போட்ட ஒரு காகிதத்தைக் கீழ் இமைக்குள் மடித்து வைத்து 60 விநாடி எண்ணினார். 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். எங்களுக்கு நனைந்தது 4. கண்ணீரே சுரக்கவில்லை! உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குகிறதாம். சைக்ளோஸ்போரின் களிம்பு, காலையும் மாலையும், ஆயுசு முழுக்க. பலன் தெரிய ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு நிமிஷப் பரிசோதனையை முதல் நாளே ஏன் செய்யவில்லை என்று இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கிளினிக் பெயர் வேண்டாம், விடுங்கள்.

சயான் பூனைவீடு
தெருவில் எடுத்த குட்டிக்கு இரண்டு இமையும் ஒட்டியே இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊற வைத்துத்தான் திறக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் என்றார்கள். மனிதர்களுக்கு ஒட்டாது. ஆறிய பிறகும் வைரஸ் உள்ளேயே தங்கிவிடும். வீட்டுக்கு விருந்தாளி வந்து நாலு நாள் தங்கினாலே எங்கள் பூனைக்குக் கண் கலங்க ஆரம்பித்துவிடும். சும்மா சொல்லவில்லை, மனக்கலக்கம் வந்தால் திரும்ப வருமாம்.

தாராவி தோல்பட்டறை
எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் மாட்டுக்குக் கண் கலங்கினால் உப்பை மென்று கண்ணிலேயே துப்புவார். மாடு துள்ளும். "வேலை செய்யுது பார்" என்பார். செம்பூர் அண்ணன் சொன்ன பாட்டிலும் அந்த உப்பும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் எழுத வந்தது குதிரை பற்றி. மும்பைக்குப் பக்கத்து மலை ஊரான மாதேரானில் ஒரு விடுதியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மேலே மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. வண்டிகள் நின்றுவிடும் தஸ்தூரி நாக்காவில் இறங்கினால் அப்போது பெரும்பாலும் நடை, குதிரை, கை ரிக்‌ஷாதான். பழக்கமான குதிரைக்காரர் ஒருவரின் பெண் குதிரைக்கு மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு கண் நீலம் பூத்தது. செம்மண் தூசி என்று துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்குள்ளே வெள்ளை நூல் ஒன்று நெளிகிறது. நானும் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செடேரியா என்கிற புழு. மாட்டின் வயிற்றுக் குழிக்குள், குடலுக்கு வெளியே இருக்க வேண்டியது. கொசு மாட்டைக் கடித்துவிட்டுக் குதிரையைக் கடித்தால் குஞ்சுப் புழு குதிரைக்குள் போய், வழி தெரியாமல் சுற்றி, சில சமயம் கண்ணுக்கு வந்துவிடும். டாக்டர் மயக்கம் கொடுத்து, கருவிழி ஓரத்தில் சின்னதாகக் கீறினார். உள்ளே இருந்த நீரோடு புழு தானாக வெளியே வந்து விழுந்தது. சேமியா மாதிரி இருந்தது. சில வாரம் சவாரிக்கு விடவில்லை, அவருக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. ஆனால் கண் பிழைத்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கண் நிரந்தரமாக வெளுத்திருக்கும் என்றார் டாக்டர். கண் போன குதிரையை நம்பிப் பயணி ஏறுவானா?

டோம்பிவிலி தாத்தா
எங்கள் ஸ்பிட்ஸுக்குச் சர்க்கரை நோய். அது வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இவ்வளவு வேகமாக வரும் என்று நினைக்கவில்லை, சில வாரத்தில் இரண்டு கண்ணும் பால் மாதிரி. மனிதருக்குச் செய்வது போலவே புரையைக் கரைத்து உறிஞ்சும் ஆபரேஷன் உண்டு. அதற்கு முன் விழித்திரை வேலை செய்கிறதா என்று ஈஆர்ஜி என்ற பரிசோதனை எடுக்க வேண்டும். எடுத்தோம், நன்றாகவே இருந்தது. ஆனாலும் 11 வயது, இதயமும் பலவீனம், நான் வேண்டாம் என்றேன். பையனுக்கு இன்றும் என் மேல் வருத்தம். முற்றிய புரை கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்பும், அழுத்தமும் ஏறலாம் என்பதால் சொட்டு மருந்தும் அழுத்தம் பார்ப்பதும் தொடர்கிறது. சோபாவை மட்டும் நகர்த்துவதில்லை. அது வாசல் வரை கணக்காக நடந்து போய் நிற்கும்.

மாட்டுங்கா மாமி
தம்பி, பக்குக்குக் கழுத்தே கிடையாதே, கண்ணைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற அந்தக் கோன் எப்படி நின்றது? எங்களது ஒரே உதறலில் கழற்றி எறிந்தது.

செம்பூர்க்காரன்
நிற்கவில்லை மாமி. முதல் இரவே கழன்று, விடிவதற்குள் ஒரு தடவை சொறிந்துவிட்டான். மறுநாள் துணி நாடாவைக் கோனில் கோத்து, மார்புப் பட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன், நின்றது. தண்ணீர் குடிக்கக் கிண்ணத்தை ஒரு மனைப்பலகை மேல் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோன் விளிம்பு தரையில் இடிக்கும். மூன்று வாரம் கதவு நிலையிலெல்லாம் இடித்துக்கொண்டே திரிந்தான். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, வீட்டில் மர வேலை நடக்கிறதா என்று கேட்டார்.